இரண்டாவது அடுப்பு

கோல கெட்டில் பாலாய் ராயாவில்
மூலை விசிறி மட்டும் சுற்றுகிறது.
பூப்பந்து வலைக்கம்பத்தின் பக்கம்
பிளக் இருக்கிற ஒரே இடத்தில்
மடிக்கணினியை வைத்திருக்கிறேன்.
உள்ளே பதினோராயிரம் குடும்பங்கள்.
ஒன்றுக்கும் பெயரில்லை, எண் உண்டு.

வரம்பை ஐம்பது வெள்ளி ஏற்றினால்
அறுநூறு வரிசைகள் பச்சையாகும்.
இறக்கினால் சிவக்கும்.
ஒரு விரல் போதும்.
காலையில் ரொட்டி சானாய் பிய்த்த
அதே விரல்.

இன்னும் யார் கைக்கும் ஒரு காசு போகவில்லை,
யாரிடமிருந்தும் பறிபோகவுமில்லை.
இதன் சௌகரியமே அதுதான்:
பசியை இங்கே போட்டுப் பார்க்கலாம்,
கணக்கு உதைத்தால்
அழித்துவிட்டு மறுபடி போடலாம்.

கேள்விகள் சரிதானா என்று பார்க்கத்தான் வந்தேன்.
மூன்றாவதாக உட்கார்ந்தவர் சந்தனமேரி.
செம்பனைக்கடியில் உதிரிப்பழம் பொறுக்குகிறார்,
மூட்டைக் கணக்கில் கூலி.
மாத வருமானம்?
"எந்த மாசம்? மழை மாசமா,
குலை இல்லாத மாசமா?"
சராசரி மாதம் என்றேன்.
"அப்படி ஒரு மாசம் இன்னும் வரலையே."

வீட்டில் எத்தனை பேர்?
"நானும் ரெண்டு பிள்ளைகளும்."
பின்னாலிருந்து தம்பி மனைவி:
"எங்களையும் சேர்த்தா ஏழு."
கையேடு சொல்கிறது,
ஓர் உலையில் உண்பவர் ஒரு குடும்பம்.
தம்பி அருளப்பன் லோரி ஓட்டுகிறார்.
அவருடைய சம்பளச் சீட்டு
அக்காளையும் சேர்த்துக்
கோட்டுக்கு மேலே தூக்கிவிடுகிறது.
நாற்பது வெள்ளி மேலே.

சந்தனமேரி கொஞ்சம் யோசித்தார்.
"இன்னொரு அடுப்பு வாங்கினா
நாங்க வேற குடும்பமா?"
விரல்களை மடக்கத் தொடங்கினார்:
ஒத்தை அடுப்பு அறுபத்தொன்பது,
கேஸ் தோம்பு தனி,
உதவி மாதம் நூறு என்றால்
மூன்றாம் மாதம் கைக்கு மிஞ்சும்.
என் இயந்திரத்துக்கு
இவ்வளவு வேகம் கிடையாது.
அதில் யாரும் அடுப்பு வாங்குவதுமில்லை.
விதி மாறும், மனிதர்கள்
வைத்த இடத்திலேயே நிற்பார்கள்
என்று எழுதிவைத்திருக்கிறோம்.

தெரியாது என்றேன்.
அது உண்மையும்கூட.

இரவு, ஆணிக்கடை மாடி வாடகை அறை.
வரிசை 4117:
பெண், இரு பிள்ளைகள், கூட்டு வீடு.
அது அவரில்லை, அவரைப் போல.
அதை இரண்டாகப் பிரித்தேன், பச்சை.
மொத்தச் செலவு தசமத்துக்கப்பால்
எங்கோ நான்காம் இடத்தில் அசைந்தது.
பிறகு துணிந்து
எல்லாக் கூட்டு வீட்டிலும்
ஓர் அடுப்பு வைத்தேன்.
இப்போது அசைந்தது முதல் இடம்.

பரிடாவை அழைத்தேன்.
"அடுப்பை எந்த அமைச்சு எண்ணும்?"
சிரித்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அனுப்பு. ஆனா தலைப்பில
அடுப்புன்னு போடாதே."

இந்த வேலைக்கு
உருவகப்படுத்தல் என்று பேர்.
ஐந்தாம் படிவத்து இலக்கண வகுப்பில்
'போல' நின்றால் உவமை,
'போல' விழுந்தால் உருவகம்.
பதினோராயிரம் தடவை
அந்தச் சொல்லை விழுங்கிவிட்டுத்தான்
அறிக்கை எழுதுகிறோம்.
அடிக்குறிப்பில் ஒருமுறையாவது
அதைத் திரும்ப வைக்கலாமென்று
தேடினேன்.
வார்ப்புருவில் இடமில்லை.

காலை, பேருந்து நிறுத்தம்.
எதிர்க்கடையிலிருந்து
அருளப்பன் மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார்,
அவருக்குப் பின்னால் சந்தனமேரி,
மடியில் நீல அட்டைப்பெட்டி,
பக்கவாட்டில் அச்சடித்த தீச்சுடர்.
என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.
நானும் அசைத்தேன், எதற்கென்று தெரியாமல்.

மடியில் கணினி இன்னும் விழித்திருக்கிறது:
மாற்றங்களைச் சேமிக்கவா?
கோலாலம்பூர் பேருந்து
மண்சாலைத் தூசியோடு திரும்புகிறது.
சைகை காட்ட ஒரு கை வேண்டும்.